துபாயில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை வந்திருக்கிறது. சேர்வதற்கு முன் அந்தப் பள்ளியைப் பற்றி எப்படி விசாரிப்பது?

கேள்வியைப் படித்ததும் 2023 ஜனவரியில் நான் இருந்த நிலைதான் ஞாபகம் வந்தது. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. வீடியோ காலில் இருபது நிமிடத்தில் இன்டர்வியூ முடிந்திருக்கும், "ரெண்டு நாளில் சொல்லுங்க மேடம், இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் விரட்டிக்கொண்டிருப்பார். அந்த ரெண்டு நாள் கெடுவுக்குத்தான் நான் பயந்தேன். நீங்கள் பயப்படாதீர்கள். உண்மையிலேயே ஆள் வேண்டும் என்றால் ஒரு வாரம் காத்திருப்பார்கள்.

நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் வேலை, கடைசியாகக் கையில் வாங்கியது 14,000 ரூபாய். 4,000 திர்ஹம் என்றதும், அதாவது கிட்டத்தட்ட 90,000 ரூபாய், எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பள்ளியின் வெப்சைட்டைப் பார்த்தேன், நீச்சல் குளம் இருந்தது, ஆண்டு விழா படங்கள் இருந்தன. அவ்வளவுதான் என் விசாரணை. வளையல்களை அடகு வைத்து ஏஜென்டுக்கு 85,000 கட்டினேன். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சபட்சக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க அஞ்சு நிமிடம் ஆகும். அந்த அஞ்சு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் சேர்ந்தேன். ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஒரு லாக்கர் கொடுத்து, கதவில் ஒட்ட என் பெயர் அச்சடித்த ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். பழைய ஸ்டிக்கரின் மேலேயே ஒட்டினால் புடைத்துக்கொண்டு நின்றது. சரி, உரித்துவிட்டு ஒட்டுவோம் என்று நகத்தால் சுரண்டினேன். ஒரு பெயர் வந்தது, அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று, மொத்தம் நான்கு. எல்லாம் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட். பக்கத்து இருக்கையில் இருந்த கொல்லத்து டீச்சரிடம் கேட்டால், "மூணு வருஷத்துல நாலு பேர்" என்றார். ஏன் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. ஜூன் வருவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. வாரத்துக்கு 26 பீரியட் என்று சொன்னது 33 ஆனது, அதற்கு மேல் லீவில் போனவர்களின் வகுப்புகள், ஐந்து செக்‌ஷன் நோட்டுத் திருத்தம், சனிக்கிழமை பயிற்சி என்ற பெயரில் இன்னொரு வேலை நாள்.

இதில் எனக்கு இன்றும் வலிப்பது, இதெல்லாம் சேர்வதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி வெளியில் இருந்தது என்பதுதான். துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கே.எச்.டி.ஏ. என்ற அரசு ஆணையம். அவர்களுடைய ஆய்வு அறிக்கைகள் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். எல்லோரும் 'மிக நன்று', 'நன்று', 'ஏற்கத்தக்கது' என்ற தர வரிசையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது பெற்றோருக்கு. நமக்கு வேண்டியது ஆரம்பத்தில் இருக்கிற பள்ளி விவரப் பக்கம். அதில் ஆசிரியர்கள் எத்தனை பேர், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், வருடத்தில் நூற்றுக்கு எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று இருக்கும். என் பள்ளிக்கு அந்தக் கடைசி எண் 41. ஸ்டிக்கரைச் சுரண்டித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை அது. அறிக்கை எந்த வருடத்தது என்பதையும் பாருங்கள், பழசாக இருக்கலாம். வேலை அபுதாபி என்றால் அடெக் என்ற துறை இதே மாதிரி அறிக்கை வெளியிடுகிறது.

அடுத்தது சம்பளம். ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், 'பேசிக்', அதாவது அடிப்படைச் சம்பளம், என்ற வரியைப் பாருங்கள். என் 4,000-ல் பேசிக் 1,200 தான், மீதி எல்லாம் அலவன்ஸ். வேலையை விடும்போது கிடைக்கிற கிராஜுவிட்டி, ஒரு வருடம் முடித்தவர்களுக்கு முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 21 நாள் பேசிக் என்றுதான் கணக்கு. ஒரு வருடம் முடித்துவிட்டு நான் கிளம்பியபோது என் கைக்கு வந்தது 840 திர்ஹம், சுமார் 19,000 ரூபாய். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போடக் கூடாது, ஆள் எடுக்கும் செலவைப் பள்ளி நம் தலையில் கட்டக் கூடாது என்று அங்கே 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் சொல்கிறது. "முதல்ல விசிட் விசாவில் வந்து சேருங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த விசாவில் வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம், மாட்டிக்கொள்வது நாம்தான்.

"கிடைத்த வேலையைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறாள்" என்று இங்கே சிலர் எழுதுவார்கள், தெரியும். நான் துபாயைக் குறை சொல்லவில்லை. சம்பளம் மாதம் தவறாமல் வங்கிக்கு வந்தது, பாஸ்போர்ட் என் கையிலேயே இருந்தது. என்னை உண்மையிலேயே அவமானப்படுத்தியது ஊரில் நான் விட்டு வந்த பள்ளி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். வரை ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் வேலையில் சேரும்போதே வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு டிகிரியை மாநில அரசு, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டெஸ்டேஷன், அதாவது அசல்தான் என்று முத்திரை வாங்குவது, செய்ய வேண்டும். அதற்காகக் கேட்டால் "வருஷக் கடைசியில் வாங்கிக்கோ" என்றார் தாளாளர். நான் படித்து வாங்கிய சான்றிதழுக்காக அவர் அறை வாசலில் நான்கு நாள் நின்றேன், கடைசியில் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துத்தான் வாங்கினேன். தமிழ்நாட்டில் எத்தனையோ ஆசிரியர்களுக்கு இது நடக்கிறது, யாரும் பேசுவதில்லை. உங்கள் ஒரிஜினல்கள் இன்னும் பள்ளியில் இருந்தால் முதலில் அதை மீட்கிற வழியைப் பாருங்கள்.

இப்போது நான் இருப்பது துபாயிலேயே வேறு பள்ளி. சேர்வதற்கு முன் லிங்க்ட்இனில் அந்தப் பள்ளியின் பெயரைப் போட்டு, அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியேறிய ஆறு பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள், ஒருவர் போனிலேயே முக்கால் மணி நேரம் பேசினார். இப்போது உள்ளே இருப்பவர்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்களால் மனம் விட்டுப் பேச முடியாது, அது அவர்கள் தப்பும் இல்லை. இன்டர்வியூவில் பிரின்சிபாலிடம், "மேடம், இந்த இடத்தில் எனக்கு முன்னால் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள்?" என்று நேராகவே கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் யோசிக்கவே இல்லை: "ஏழு வருஷம் இருந்தாங்க, கணவருக்கு மஸ்கட் மாற்றல். நம்பர் தரட்டுமா, பேசுறீங்களா?" என்றார். அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் பேசினேன்.

உங்கள் பள்ளி எந்தப் பாடத்திட்டம், எந்த மாதம் சேரச் சொல்கிறார்கள் என்று கமெண்டில் போடுங்கள். இந்தியப் பாடத்திட்டம் என்றால் வருடம் ஏப்ரலில் தொடங்கும். நவம்பரில் அவசரமாக ஆள் கேட்கிறார்கள் என்றால், நடுவில் கிளம்பிப் போனவர் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஆஃபர் லெட்டரில் பேசிக் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள், பள்ளியின் பெயர் வேண்டாம். ஏஜென்டுக்கு அதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.