வாசகர் கேள்வி பதில்: வாகனம் வராத கிரவல் ரோட்டில் சைக்கிள்

கேள்வி: மகள் சுவிஸில் இருக்கிறாள். ஜூலையில் நானும் இவரும் இரண்டு மாதம் அங்கே போய் நிற்கப் போகிறோம். வால் ரோசெக் என்று ஒரு மலைப் பள்ளத்தாக்கு, வாகனம் போகாத கிரவல் ரோடு, சைக்கிள் ஓடலாம் அம்மா என்று படம் அனுப்பியிருக்கிறாள். எனக்கு 54 வயது. பள்ளிக்கூடக் காலத்தில் நன்றாக ஓடினேன், கடைசியாக ஏறி இருபது வருஷம் இருக்கும். ஆசைப்படலாமா?
உவர்மலை வாசகி

பதில்: தாராளமாக ஆசைப்படலாம் அக்கா. மகள் நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறாள். தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அங்கே ஓடினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வால் என்றால் அந்தப் பக்கத்து ரொமான்ஷ் மொழியில் பள்ளத்தாக்கு. பொன்ட்ரெசீனா என்ற ஊரில் ரெயிலால் இறங்கினால் ரோடு அங்கிருந்தே தொடங்குகிறது. அந்த ஊர் 1,800 மீற்றர் உயரத்தில், ஏறக்குறைய எங்கள் நுவரெலியா அளவில் இருக்கிறது, ஆகவே மூச்சு வாங்குமோ என்று பெரிதாகப் பயப்பட வேண்டாம், முதல் நாள் மட்டும் ஆறுதலாக இருங்கள். அங்கிருந்து உள்ளே 7 கிலோமீற்றர் போனால் 2,000 மீற்றரில் ஒரு பழைய ஹோட்டல், அதற்கு அப்பால் பனிமலைகள். 7 கிலோமீற்றருக்கு 200 மீற்றர் ஏற்றம் என்றால் சராசரியில் லேசான ஏற்றம்தான், ஆனால் சில இடங்களில் கொஞ்சம் நிமிரும், அங்கே இறங்கி உருட்டுங்கள். வெளியார் கார்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, அதற்குப் பதிலாக ஆட்களை ஏற்றிக்கொண்டு குதிரை வண்டிகள் போய் வரும். ஊசியிலை மரக்காடு, பக்கத்திலேயே சாம்பல் வெள்ளையாக ஓடும் ஆறு. பனிப்பாறை அரைத்த கல்மா கலந்து வருவதால்தான் தண்ணீருக்கு அந்த நிறம்.

சரி, இனி கவனிக்க வேண்டியது. அங்கே எல்லாமே வலப்பக்கம். ஊரில் இடப்பக்கம் ஓடிப் பழகிய எங்களுக்குத் தார் ரோட்டில், மற்ற வாகனங்களைப் பார்த்து, இது ஞாபகம் இருக்கும். ஆள் இல்லாத கிரவல் பாதையில்தான் மறந்துபோகும். வளைவில் எதிரே குதிரை வண்டி வந்ததும் என் கை தானாக இடப்பக்கம் திருப்பிவிட்டது, வண்டிக்காரரும் அதே பக்கம் வர, குதிரையின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் போய் நின்றேன். ஏறின நிமிஷத்திலிருந்து வலப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே ஓடுங்கள்.

அடுத்தது பிரேக். எங்கள் சைக்கிளில் வலக்கைப் பிரேக் முன்சில்லுக்கு. அங்கே பெரும்பாலும் இடக்கைப் பிரேக்தான் முன்சில்லுக்கு. இறக்கத்தில் கிரவலுக்கு மேல் முன்பிரேக்கை இறுக்கினால் சில்லு சறுக்கி ஆளைத் தள்ளிவிடும். வாடகைக்கு எடுத்ததும், ஓடுவதற்கு முன், சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு ஒரு பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள், எந்தச் சில்லு நிற்கிறது என்று கண்ணால் தெரிந்துவிடும். திரும்பி வரும்போது முழுக்க இறக்கம், இரண்டு பிரேக்கையும் மெதுவாக விட்டு விட்டுப் பிடியுங்கள், வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் வைத்துப் பிடிக்க வேண்டாம்.

பலகைகளும் முக்கியம். சிவப்பு விளிம்பு வட்டத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் தடை அவற்றுக்குத்தான், நீங்கள் போகலாம். உள்ளே ஒன்றும் வரையாமல் வெறும் வெள்ளையாக இருந்தால் சைக்கிளுக்கும் சேர்த்துத் தடை. கீழே சின்னப் பலகையில் சைக்கிளுக்கு விலக்கு எழுதியிருந்தால் மட்டும் போகலாம், அதை மகள் வாசித்துச் சொல்வாள். வேறு பள்ளத்தாக்குகளுக்குப் போனால் மேய்ச்சல் நிலத்துப் படலைகள் வரும், திறந்த படலையைத் திரும்பச் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவுக்குக் கிட்டப் போகாதீர்கள்.

பெடல் மிதிக்கும்போது மோட்டார் துணை செய்கிற சைக்கிளும் வாடகைக்கு எடுக்கலாம், மணிக்கு 25 கிலோமீற்றர் வந்ததும் மோட்டார் உதவி நின்றுவிடும். உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம், அது பாரமானது, இறக்கத்தில் நிறுத்தக் கூடுதல் தூரம் எடுக்கும். மகளின் சைக்கிளை ரெயிலில் கொண்டுபோவதென்றால் சைக்கிளுக்கும் தனி ரிக்கற் எடுக்க வேண்டும், கூர் நகரத்தில் ஏறி அல்புலா என்ற மலை ரெயில் பாதை வழியாகப் போங்கள். 2008-ல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பாதை அது, ஜன்னல் ஓரம் பிடித்து இருங்கள். ஜூலையிலும் மதியத்துக்குப் பிறகு இடி மழை வரலாம், காலையிலேயே போய்வருவது நல்லது. போவதற்கு முன் ஒரு மாதமாவது இங்கே ஓடிப் பழகுங்கள், எங்கே என்பது கடைசிப் பதிலில் இருக்கிறது.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண லுமாலா சைக்கிள். கிரவலில் ஓடினால் கை விறைக்கிறது, நடுமுதுகு நோகிறது. கிரவல் சைக்கிள் என்று தனியாக வாங்கத்தான் வேண்டுமா?
பாலையூற்று வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி, முதலில் காற்றைக் குறைத்துப் பாருங்கள். கடையில் கல்லுப் போல அடித்துத் தருவார்கள், தார் ரோட்டுக்கு அது சரி. 40 மில்லிமீற்றர் அகல ரயர், 65 கிலோ ஆள் என்றால் 35 முதல் 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். காற்று அளக்கும் மீற்றர் இல்லாவிட்டால் பெருவிரலால் ரயரின் பக்கத்தை அமத்துங்கள், கொஞ்சம் உள்ளே போய் உடனே திரும்ப வேண்டும். அதைவிடக் குறைத்தால் கல்லில் ஏறும்போது ரியூப் ரிம்மில் நசிந்து இரண்டு ஓட்டை விழும். ரயர் மாற்றுகிற நாள் வரும்போது, ஃபோர்க்குக்கும் சில்லுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து, அது இடம் கொடுக்கும் அகலமான ரயராக வாங்குங்கள்.

தகரக் கூரை போல நெளிந்து கிடக்கும் இடங்கள் வேறு கதை. சில்லு ஒரு சின்ன மேட்டில் துள்ளி விழுந்து குழி பறிக்கும், அடுத்த சில்லு அதே இடத்தில் துள்ளும், வேகமாக ஓட ஓட நெளிவு வளரும். அந்த இடத்தில் ஓரம் பிடித்து மெதுவாக, ஆசனத்தில் இருந்து சற்று எழும்பி, முழங்கையை மடித்து ஓடுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறதால்தான் கை விறைக்கிறது.

கேள்வி: சுவிஸ் இருக்கட்டும், எங்கள் மாவட்டத்தில் வாகனத் தொல்லை இல்லாமல் ஓட ரோடு இருக்கிறதா? பிள்ளைகளையும் கூட்டிப்போக ஆசை.
தம்பலகாமம் வாசகர்

பதில்: உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கரை ரோடுகள் எத்தனை! மண்ணும் கிரவலும், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாத தரை, வந்தால் ஒரு லான்ட்மாஸ்ரர் வரும். பிள்ளைகளோடு பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அறுவடை நாட்களில் மட்டும் வெட்டு மெசினும் நெல் ஏற்றும் லொறியும் திரியும், அந்த இரண்டு கிழமையும் விட்டுவிடுங்கள். குளக்கட்டில் தடைப் பலகை இருந்தால் ஏற வேண்டாம், குளக்கட்டு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதை 1986-ல் கந்தளாய்க் குளம் உடைத்ததைப் பார்த்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

யானையை மறக்காதீர்கள். நன்றாக வெளித்த பிறகு, ஏழு மணி போலப் புறப்படுங்கள், பின்னேரம் ஐந்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். புது லத்தி கண்டால் அன்றைக்கு அந்த ரோடு வேண்டாம். யானை தூரத்தில் நின்றாலும் படம் எடுக்க நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மே தொடக்கம் ஆவணி வரைக்கும் காலையிலேயே காற்றுக்கு எதிரே, மேற்குப் பக்கமாகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். உவர்மலை அக்காவும் உங்கள் பக்கம் வந்து பழகலாம், பத்து மணிக்கு முன் முடித்துவிட வேண்டும், அதன் பிறகு அந்த வெளியில் நிழலே கிடையாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தலாவது கட்டிக்கொண்டு போங்கள்.