பிட், காப்பி, சாட்ஜிபிடி: மாட்டுன ஸ்டூடன்ட்ட என்ன பண்றது? உங்க கேள்விகளுக்கு பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டுல ஒரு அட்டானமஸ் காலேஜ்ல எக்ஸாம் செல்லுல ரொம்ப வருஷம் இருந்து ரிடையர் ஆனவ, மால்பிராக்டிஸ் என்கொயரி கமிட்டிலயும் ப்ளேஜரிஸம் (அடுத்தவங்க எழுத்தை திருடறது) பேனல்லயும் உக்காந்திருக்கேன். நவம்பர் செமஸ்டர் வருதுல்ல, கேள்வி நிறைய வந்துருச்சு. ஒரே மாதிரி இருந்ததை சேத்து பதில் சொல்றேன். உங்க யுனிவர்சிட்டி ரூல் புக்ல வேற மாதிரி இருந்தா அதுதான் செல்லும், அதை முதல்ல எடுத்து படிச்சுக்கோங்க.

கேள்வி: மேடம், நான் இந்த வருஷம்தான் அசிஸ்டென்ட் புரொஃபசரா சேந்திருக்கேன். ஹால்ல ஒருத்தன்ட்ட பிட் பிடிச்சா அந்த நிமிஷம் என்ன செய்யணும்? சீனியர்ஸ் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

சத்தம் போடாதீங்க தம்பி, அதான் முதல் வேலை. பக்கத்துல எழுதிட்டிருக்க நாப்பது பேரு ஒரு தப்பும் பண்ணல, அவங்களுக்கும் டைம் ஓடிட்டிருக்கு. பிட்டை வாங்குங்க, ஆன்சர் புக்கை வாங்குங்க, அவன் எந்த வரி வரைக்கும் எழுதியிருக்கானோ அங்க கோடு போட்டு டைம் எழுதி கையெழுத்து போடுங்க. சீஃப் சூப்பரின்டென்டென்ட்டுக்கு ஆள் அனுப்புங்க. பிட்டுலயும் உங்க கையெழுத்து, பையன் கையெழுத்து ரெண்டும் வேணும், இல்லன்னா நாளைக்கு கமிட்டி முன்னாடி "இது என்னுது இல்ல"ன்னு சொன்னா உங்ககிட்ட பதில் இருக்காது. புது ஆன்சர் புக் குடுத்து மிச்சத்தை எழுத விடணுமா வெளிய அனுப்பணுமாங்கறது ரூலுக்கு ரூல் மாறும், அதை நீங்களா முடிவு பண்ணாதீங்க.

அப்புறம் ஸ்டேட்மென்ட். இதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. இன்விஜிலேட்டரே "நான் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்"னு சொல்லிக் குடுத்து எழுத வைக்கிறது, ஒரு செமஸ்டர்ல வந்த ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் அடுக்கி வச்சா ஒரே வார்த்தை ஒரே வரிசை, அதை வச்சு எதையும் தெரிஞ்சுக்க முடியாது. என்ன நடந்துச்சுன்னு அவன் பாஷையில, அவன் கைப்பட எழுதட்டும். மறுத்து எழுதினா மறுத்தே எழுதட்டும், மிரட்டி மாத்தாதீங்க. உங்க ரிப்போர்ட்டை நீங்க தனியா, அன்னைக்கே எழுதுங்க. பொண்ணா இருந்தா சோதனை போடுறது லேடி ஸ்டாஃப் மட்டும்தான், அதுவும் தனி ரூம்ல. இதுல "அவசரமா இருந்துச்சு"ங்கற சாக்கே கிடையாது.

கேள்வி: மேம், பர்ஸ்ல ஒரு பேப்பர் இருந்துச்சு, உண்மையாவே நான் அதை பாத்து எழுதல, மறந்து கொண்டு போயிட்டேன். ஆனாலும் மால்பிராக்டிஸா?

உனக்கு கசப்பாத்தான் இருக்கும்மா, ஆனா பெரும்பாலான ரூல் புக்ல அது மால்பிராக்டிஸ்தான். சிபிஎஸ்இ, வினீதா மகாஜன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, பாடத்துக்கு சம்பந்தமான பேப்பரை ஹாலுக்குள்ள வச்சிருந்தாலே ரூல்படி முறைகேடுதான், அதை பயன்படுத்தினாங்களான்னு தனியா நிரூபிக்க வேண்டியதில்லன்னு. அதனால "நான் பாக்கல"ன்னு மட்டும் எழுதிக் குடுத்து தப்பிச்சிரலாம்னு நினைக்காத. ஆனா தண்டனை எவ்ளோன்னு வரும்போது அது முக்கியம். உன் ஆன்சர் புக்கையும் அந்த பேப்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டு பாருங்கன்னு கமிட்டிகிட்ட எழுத்துல கேளு. அந்த பேப்பர்ல இருக்கறது அன்னைக்கு எக்ஸாமுக்கு சம்பந்தமே இல்லன்னா அதை தெளிவா சொல்லு, சப்ஜெக்ட் டீச்சர்ட்ட ஒப்பீனியன் வாங்க வேண்டியது அவங்க வேலை.

கேள்வி: நான் ஹெச்ஓடி. பையன் ஸ்பாட்லயே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டான். இதுக்கு மேல எதுக்கு என்கொயரி, நோட்டீஸ் எல்லாம்? டைம் வேஸ்ட் இல்லையா?

இல்ல சார், வேஸ்ட் இல்ல, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். உத்தரப்பிரதேசத்துல 1954ல இன்டர்மீடியட் எக்ஸாம் எழுதின மூணு பசங்களோட ரிசல்ட்டை போர்டு கமிட்டி கேன்சல் பண்ணுச்சு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அது கோர்ட்டுக்கு போயி 1962ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிருச்சு, எக்ஸாம் கமிட்டி இந்த மாதிரி முடிவு எடுக்கறப்ப ஒரு கோர்ட்டு மாதிரி நடந்துக்கணும், பாதிக்கப்படறவன் சொல்றதை கேக்காம தண்டிக்கக் கூடாதுன்னு. கன்ஷ்யாம் தாஸ் குப்தா கேஸ்னு பேரு. இன்னைக்கும் ஸ்டூடன்ட் தரப்பு வக்கீலுங்க எடுத்துக் காட்டுறது இதைத்தான். ஹாலுக்குள்ள பயத்துல, நாலு வாத்தியார் சுத்தி நிக்கறப்ப எழுதிக் குடுத்தது வேற. ஒரு வாரம் கழிச்சு தெளிவா இருக்கறப்ப அவன் சொல்றது வேற. பல தடவை உண்மை ரெண்டாவதுலதான் வெளிய வரும், பிட் எழுதிக் குடுத்தது யாருன்னு வரைக்கும்.

அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல சார். என்ன குற்றச்சாட்டுன்னு எழுத்துல குடுங்க, என்ன ஆதாரம் இருக்குன்னு காட்டுங்க, பதில் எழுத நாலு நாள் டைம் குடுங்க, அப்புறம் கூப்பிட்டு உக்கார வச்சு கேளுங்க. பிடிச்ச இன்விஜிலேட்டர் சாட்சியா வரட்டும், கமிட்டி மெம்பரா வரக்கூடாது. முடிவை ரெண்டு பகுதியா எழுதுங்க. தப்பு நடந்துச்சா இல்லையாங்கறது ஒண்ணு, என்ன தண்டனை ஏன் அந்த தண்டனைங்கறது இன்னொண்ணு. இது ரெண்டையும் குழப்புறதாலதான் "பாவம், ஃபைனல் இயர் பையன்"னு தப்பே நடக்கலன்னு எழுதுறதும், "திமிரா பேசினான்"னு மூணு செமஸ்டர் டீபார் பண்றதும் (எக்ஸாமே எழுத விடாம தடுக்கறது) நடக்குது.

கேள்வி: ரெண்டு பேரோட ஆன்சர் ஷீட்ல ஒரே தப்பு, அதே ஸ்டெப்ல. ஆனா யாரும் நேர்ல பாக்கல. ஆக்ஷன் எடுக்க முடியுமா?

முடியும். பாக்லேஷ்வர் பிரசாத் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு இதை ஏத்துக்கிட்டிருக்கு, தப்பான விடை ஒரே மாதிரி இருந்தா அதுவே சூழ்நிலை ஆதாரமா நிக்கும், கண்ணால பாத்த சாட்சிதான் வேணும்னு இல்ல. சரியான விடை ஒத்துப்போறது ஒண்ணுமே இல்ல, ரெண்டு பேரும் ஒரே கைடை மனப்பாடம் பண்ணிருப்பாங்க. தப்பு ஒத்துப்போறதுதான் பேசும். ஆனா அந்த தப்பு வகுப்புல போர்டுலயே எழுதிப் போட்ட தப்பா இருக்கான்னு முதல்ல மத்த ஷீட்டையும் பாருங்க. சீட்டிங் பிளானை எடுத்து வைங்க. ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு அந்த ஸ்டெப்பை விளக்க சொல்லுங்க. ஒருத்தன் காட்டாமலே இன்னொருத்தன் எட்டிப் பாத்திருக்கலாம், ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனைன்னு கண்ணை மூடிட்டு போடாதீங்க. ஒரு சென்டரே மொத்தமா காப்பி அடிச்சிருந்தா விஷயம் வேற, அப்ப ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு கேக்காம எக்ஸாமை கேன்சல் பண்ணலாம்னு 1970ல பீகார் போர்டு கேஸ்ல சொல்லியிருக்காங்க, ஏன்னா அங்க தனி ஆள் மேல குற்றம் சாட்டல, திரும்ப எக்ஸாம் வைக்கறாங்க.

கேள்வி: என் பொண்ணு செமஸ்டர்ல மாட்டிக்கிட்டா மேடம். புது சட்டம் வந்திருக்கு, ஜெயில்ங்கறாங்க. தூக்கமே வரல.

அம்மா, பயப்படாதீங்க. நீங்க சொல்றது 2024ல மத்திய அரசு கொண்டு வந்த பொதுத்தேர்வு முறைகேடு தடுப்பு சட்டம். அது யூபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, ஐபிபிஎஸ், என்டிஏ மாதிரி அமைப்புங்க நடத்துற தேர்வுக்கு. அதுலயும் குறி வச்சது கேள்வித்தாளை லீக் பண்ற கும்பலை, எழுதுற பிள்ளைங்களை இல்ல. காலேஜ் செமஸ்டருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. உங்க பொண்ணு விஷயம் காலேஜ் ரூலோட முடியும். ஆள்மாறாட்டம்னா மட்டும் போலீஸ் வரைக்கும் போகும், 2019ல தேனி மெடிக்கல் காலேஜ் நீட் விவகாரம் சிபிசிஐடி வரைக்கும் போனது அதனாலதான்.

கேள்வி: பிஹெச்டி தீசிஸ்ல சிமிலாரிட்டி (மத்த எழுத்தோட ஒத்துப்போறது) 38% காட்டுது. கைடு திட்டுறார். ரிஜிஸ்ட்ரேஷன் போயிருமா?

போகாது. யூஜிசி 2018 ரெகுலேஷன்படி 10% வரைக்கும் தண்டனை இல்ல, 10க்கு மேல 40 வரைக்கும் லெவல் ஒண்ணு, திருத்தி திரும்ப சப்மிட் பண்ணணும், அதிகபட்சம் 6 மாசம் டைம். 40க்கு மேல 60 வரைக்கும்னா ஒரு வருஷம் சப்மிட் பண்ணவே முடியாது. 60ஐ தாண்டினாத்தான் ரிஜிஸ்ட்ரேஷன் கேன்சல். டிபார்ட்மென்ட் பேனல் விசாரிச்சு அனுப்பணும், அதுக்கு மேல இன்ஸ்டிடியூஷன் பேனல், ரெண்டுக்கும் தலா 45 நாள். ஆனா தம்பி, அந்த 38ஐ பிரிச்சு பாரு. ரெஃபரன்ஸ் லிஸ்ட், உள்ளடக்கம், நன்றியுரை, மேற்கோள் குறிக்குள்ள ஆதாரத்தோட குடுத்தது, சட்ட வாசகம், ஸ்டாண்டர்ட் ஈக்வேஷன் எதையும் கணக்குல சேக்கக் கூடாதுன்னு அதே ரெகுலேஷன்ல இருக்கு. தற்செயலா 14 வார்த்தை வரைக்கும் தொடர்ந்து ஒத்துப்போறதும் அதுல வராது. இதெல்லாம் கழிச்சிட்டு மிச்சம் எவ்ளோன்னு பாத்துட்டு பேசு. மிச்சமும் பெருசா இருந்தா வார்த்தையை மாத்தி மாத்தி போட்டு நம்பரை குறைக்கற வேலைக்கு போகாத, திரும்ப படிச்சு உன் வார்த்தையில எழுது.

கேள்வி: நான் தமிழ்த்துறை ஆய்வாளர். குறுந்தொகை பாட்டெல்லாம் காப்பின்னு சிவப்பா காட்டுது அக்கா, என்ன செய்ய?

பாட்டு எண், பதிப்பு போட்டு மேற்கோளா குடுத்தா அது திருட்டே இல்ல, பேனலுக்கு ஒரு பக்க விளக்கம் எழுதிக் குடுங்க. எனக்கு கவலை இதோட மறுபக்கம்தான். தமிழ் தீசிஸ்ல 2%ன்னு ரிப்போர்ட் வந்தா சுத்தம்னு எல்லாரும் நிம்மதி ஆயிடுறாங்க, ஆனா சாஃப்ட்வேர் தன்கிட்ட இருக்கற தொகுப்போடதான் ஒப்பிடும், நாப்பது வருஷம் முன்னாடி அச்சான ஒரு திறனாய்வு நூல் அதுல இல்லன்னா அத்தியாயம் அத்தியாயமா எடுத்திருந்தாலும் பச்சையாத்தான் காட்டும். அதை கண்டுபிடிக்கறது அந்த நூலை படிச்ச மனுஷங்கதான். கைடுங்க தயவுசெஞ்சு தீசிஸை படிங்க, ரிப்போர்ட்டை மட்டும் புரட்டிட்டு கையெழுத்து போடாதீங்க.

கேள்வி: அசைன்மென்ட்டை ஏஐ டிடெக்டர்ல போட்டேன், 85% ஏஐன்னு வருது. சீரோ போட்டுரலாமா?

வேண்டாம். அந்த நம்பரை மட்டும் வச்சு ஒரு பிள்ளைய குற்றவாளின்னு சொல்லவே சொல்லாதீங்க. சாட்ஜிபிடிய உண்டாக்கின ஓப்பன்ஏஐயே ஒரு டிடெக்டர் விட்டாங்க, சரியா கணிக்கலன்னு 2023 ஜூலைல அவங்களே எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க, ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க எழுதின 91 டோஃபல் (ஆங்கிலத் தேர்வு) கட்டுரைய ஏழு டிடெக்டர்ல போட்டு பாத்தாங்க, மனுஷன் எழுதினதுலயே சராசரியா 61% கட்டுரைய ஏஐ எழுதினதுன்னு காட்டுச்சு. நம்ம பிள்ளைங்கள நினைச்சு பாருங்க. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்து, தெரிஞ்ச ஐநூறு ஆங்கில வார்த்தைய வச்சு எளிமையா, மனப்பாடம் பண்ண வாக்கியத்துல எழுதுற பையனைத்தான் அந்த மெஷின் முதல்ல பிடிக்கும். அமெரிக்காவுல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி 2023 ஆகஸ்ட்ல டர்னிட்டின்ங்கற காப்பி கண்டுபிடிக்கற சாஃப்ட்வேரோட ஏஐ டிடெக்டரை நிறுத்தியே வச்சிட்டாங்க. கம்பெனி சொன்னபடி நூத்துல ஒண்ணுதான் தப்பாகும்னு வச்சாக்கூட, வருஷத்துக்கு 75,000 பேப்பர்ல சுமார் 750 பேப்பருக்கு வீண் பழி விழும்னு கணக்கு போட்டு காட்டினாங்க.

அப்ப எப்படித்தான் பிடிக்கிறதுன்னு கேப்பீங்க. பையனை கூப்பிட்டு பத்து நிமிஷம் பேசுங்க. "ரெண்டாவது பக்கத்துல இப்படி எழுதியிருக்கியே, இதுக்கு என்னப்பா அர்த்தம்?" தமிழ்லயே கேளுங்க, தமிழ்லயே சொல்லட்டும், எழுதினவனுக்கு தெரியும். கூகுள் டாக்ஸ்ல எழுதியிருந்தா வெர்ஷன் ஹிஸ்டரி காட்ட சொல்லுங்க, ரஃப் நோட் இருந்தா பாருங்க. அதை விட முக்கியமா ரெஃபரன்ஸை தேடிப் பாருங்க. இல்லாத கட்டுரை, இல்லாத பக்க எண் எல்லாம் ஏஐ தாராளமா உண்டாக்கி தரும், அப்படி ஒண்ணு மாட்டுனா டிடெக்டர் ரிப்போர்ட்டை விட அது உறுதியான ஆதாரம். இன்னொண்ணு, ஏஐ எதுக்கு யூஸ் பண்ணலாம் எதுக்கு கூடாதுன்னு வகுப்புல முன்னாடியே சொன்னீங்களா? கிராமர் திருத்தலாமா, மொழிபெயர்க்கலாமா? சொல்லாத ரூலை மீறினான்னு தண்டிக்க முடியாது.

கேள்வி: எங்க கிளாஸ்ல பாதி பேரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை சென்டர்ல காசு குடுத்து வாங்குறாங்க, ஸ்டாஃபுக்கும் தெரியும். நாங்க நாலு பேரு சொந்தமா பண்ணி மார்க் கம்மியா வாங்குறோம்.

உங்க கோவம் நூத்துக்கு நூறு நியாயம். இதை தடுக்க வேண்டியது கடைசி நாள் இல்ல, முதல் ரிவ்யூலயே. ஒவ்வொரு ரிவ்யூலயும் ப்ரோக்ராம் கோடிங்கை திறந்து ஒரு சின்ன மாத்தம் அங்கயே பண்ண சொன்னா வாங்கினது வெளிய வந்துரும். ஒரு கைடுக்கு பன்னெண்டு டீம் குடுத்தா அவர் எப்ப பாப்பாரு, அதையும் மேனேஜ்மென்ட் யோசிக்கணும். நீங்க நாலு பேரும் ரிவ்யூல உங்க கமிட் ஹிஸ்டரி (கோடிங்ல எப்ப என்ன மாத்தினீங்கங்கற பதிவு), தோத்துப்போன வெர்ஷன் எல்லாத்தையும் எடுத்து காட்டுங்க, காசு குடுத்து வாங்கினவங்ககிட்ட அது இருக்காது.

கேள்வி: வேண்டப்பட்ட பையன், ஃபைலை மூடுங்கன்னு மேலிடம் சொல்லுது.

எழுத்துல தர சொல்லுங்க. பெரும்பாலும் தர மாட்டாங்க. அதே வாரம் மாட்டின இன்னொரு பிள்ளைக்கு என்ன தண்டனை குடுத்தீங்கன்னு அந்த ஃபைலையும் பக்கத்துல வச்சு கமிட்டிகிட்ட குடுங்க.

கேள்வி: என் ரூம்மேட் நேத்து மாட்டிக்கிட்டா, அழுதுட்டே இருக்கா, சாப்பிடல, வீட்டுக்கு தெரிஞ்சா செத்துருவேங்கறா. என்ன பண்ணட்டும் அக்கா?

தனியா விடாதம்மா, இப்பவே. வார்டன்கிட்டயோ நம்பிக்கையான ஒரு மிஸ்கிட்டயோ போய் சொல்லு, அவ கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. 14416 டெலி மானஸ், 104 ரெண்டும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம், பக்கத்துல உக்காந்து நீயே போட்டுக் குடு. அவகிட்ட சொல்லு, பெரும்பாலும் அந்த பேப்பரோ அந்த செமஸ்டரோ போகும், அரியரா எழுதி டிகிரி வாங்கி வேலைக்கு போனவங்க எத்தனையோ பேரு. ஸ்டாஃப் படிச்சிட்டிருந்தீங்கன்னா உங்களுக்கும் சொல்றேன், மாட்டின அன்னைக்கு பிள்ளைய வராண்டாவுல நிக்க வைக்காதீங்க, கிளாஸ் முன்னாடி பேரை சொல்லாதீங்க, ஹாஸ்டலுக்கு ஒரு ஆள் கூட அனுப்புங்க. அப்பா அம்மாவுக்கு போன் பண்றப்ப முதல் வார்த்தையா "உங்க பிள்ளை நல்லா இருக்கா"ன்னு சொல்லிட்டு அப்புறம் விஷயத்துக்கு வாங்க.

கேள்வி: கமிட்டி ஆர்டர் வந்துருச்சு, ஒரு வருஷம் டீபார். அப்பீல் போலாமா? என் ஆன்சர் ஷீட்டை பாக்க முடியுமா?

ஆர்டர்லயே அப்பீல் யாருக்கு, எத்தனை நாளுக்குள்ளன்னு இருக்கான்னு பாருப்பா, இல்லன்னா சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி) ஆபீஸ்ல எழுத்துல கேளு, நாள் தாண்டிட்டா நல்ல காரணம் இருந்தும் பயன் இல்ல. ஆன்சர் புக்கை பொறுத்தவரை, திருத்தின விடைத்தாளை எழுதினவரே பாக்கலாம், காப்பி வாங்கலாம்னு 2011ல ஆதித்ய பந்தோபாத்யாய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு ஆர்டிஐ சட்டத்துக்கு கீழ சொல்லியிருக்கு. யுனிவர்சிட்டிக்கோ அரசு காலேஜுக்கோ மனு போட்டா 30 நாளுக்குள்ள பதில் வரணும், ஆனா அதுக்காக அப்பீலை நிறுத்தி வைக்காத. அப்பீல்ல "மன்னிச்சிருங்க"ன்னு மட்டும் எழுதாத. நோட்டீஸ் குடுத்தாங்களா, ஆதாரம் காட்டினாங்களா, நீ எழுதின பதிலை ஆர்டர்ல எங்கயாவது கணக்குல எடுத்தாங்களா, இதே தப்புக்கு ரூல் புக்ல என்ன தண்டனை போட்டிருக்கு, இந்த நாலையும் தேதியோட எழுது. ஆர்டர் காப்பி, நோட்டீஸ் காப்பி, உன் பதிலோட காப்பி மூணையும் சேத்து வச்சு குடுத்துட்டு, ஆபீஸ் சீல் போட்ட ஒரு நகலை கையில வாங்கிக்கோ.