கிண்ணம், நாற்காலி, சாடி: சீன வித்தைக் கலை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சீன வித்தைக் கலையைச் சீன சர்க்கஸ் என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல வேண்டாம் என்பேன். ஐரோப்பிய சர்க்கஸ் குதிரையைச் சுற்றி வளர்ந்தது. வட்ட அரங்கு வந்ததே குதிரை ஓடுவதற்காகத்தான். சீன வித்தையில் குதிரையேற்றம் உண்டு என்றாலும், அதன் உயிர் வீட்டுச் சாமான்களில் இருக்கிறது. சோற்றுக் கிண்ணம், தட்டு, நாற்காலி, பெரிய பீங்கான் சாடி, குடை, வைக்கோல் தொப்பி ஆகியவைதான் கருவிகள். சீனத்தில் இதன் பெயர் ‘ட்சாஜி’. ‘பலவகைத் திறன்கள்’ என்று பொருள்.

கேள்வி: இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்கிறார்களே, ஆதாரம் உண்டா?

பதில்: கல்லிலேயே உண்டு. ஷாண்டொங் மாகாணத்து இநானில், 1954இல் அகழ்ந்த ஹான் அரச வம்சக் காலக் (கி.மு. 206 – கி.பி. 220) கல்லறை ஒன்றின் சுவரில் ஒரு நிகழ்ச்சி முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் நெற்றியில் கழையைத் தாங்கி நிற்க, அதன் உச்சியில் சிறுவர்கள் தொங்குகிறார்கள். கயிற்றின் மேல் சிலர் நடக்கிறார்கள். கீழே கத்திகள் கூர்முனை மேல்நோக்கி நட்டிருக்கின்றன. பக்கத்தில் முரசு முழங்குகிறது. அக்காலத்தில் இவற்றை ‘நூறு ஆட்டங்கள்’ என்றார்கள். வானியலாளரும் கவிஞருமான ஜாங் ஹெங், மேலைத் தலைநகரைப் பாடிய தம் நெடுங்கவிதையில் கத்தி விழுங்குவதையும் நெருப்பு உமிழ்வதையும் விவரிக்கிறார்.

கேள்வி: வூச்சியாவ் என்ற ஊரில் எல்லாருமே வித்தைக்காரர்களாமே?

பதில்: ‘தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவர் முதல் நடை பழகும் குழந்தை வரை ஆளுக்கொரு வித்தை தெரியும்’ என்பது அவ்வூர் வழக்கு. ஹெபெய் மாகாணத்தில், ஷாண்டொங் எல்லையோரம் இருக்கும் மாவட்டம் அது. உவர்நிலம், அடிக்கடி வெள்ளம். பயிர் கைவிட்டால் மக்கள் வித்தையைக் கையிலெடுத்துப் பிழைக்கப் புறப்பட்டார்கள். பெருங்கால்வாய் பக்கத்தில் ஓடியது, படகேறினால் எந்தச் சந்தைக்கும் போகலாம். 1987 முதல் அவ்வூரின் பெயரால் சர்வதேச விழா நடக்கிறது. 2006இல் வூச்சியாவ் வித்தை சீனாவின் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பெருமைக்கு அடியில் இருப்பது பசி என்பதை நாம் மறக்கக் கூடாது.

கேள்வி: நாற்காலிக் கோபுரத்தின் உச்சியில் கைகளால் நிற்பவரைப் பார்த்தேன். ஏதாவது ஒளித்து வைத்திருப்பார்களா?

பதில்: இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டுவது உண்டு, கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கயிறு யாரையும் நிமிர்த்தி வைப்பதில்லை. சமநிலை முழுக்க உள்ளங்கையில் இருக்கிறது. உடல் விரல்கள் இருக்கும் பக்கம் சாய்ந்தால் விரல் நுனிகள் அழுத்தும்; எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மணிக்கட்டை ஒட்டிய பகுதி அழுத்தும். தோள்கள் கைகளுக்கு நேர் மேலே பூட்டியதுபோல் நிற்கும். பார்வை ஒரே இடத்தில் பதிந்திருக்கும். அசையாமல் நிற்பதாக நமக்குத் தோன்றும். அங்கே நூற்றுக்கணக்கான சின்னத் திருத்தங்கள் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும்.

சீன ஆசான்கள் இதை ‘ஆபத்துக்குள் நிலையைத் தேடு, அசைவுக்குள் அமைதியைத் தேடு’ என்பார்கள். இந்தக் கலையில் என்னைக் கட்டிப்போட்டதும் இதுதான். பயமுறுத்துவது எளிது. பார்ப்பவரின் பயத்தைக் கரைத்து, அந்த இடத்தில் அமைதியை உண்டாக்குவது பெரிய காரியம்.

கேள்வி: கயிற்றில் சுழலும் அந்த மூங்கில் பம்பரம் ஏன் ரீங்கரிக்கிறது?

பதில்: அதன் வட்டுகள் உள்ளே வெறுமையானவை, விளிம்பில் துளைகள் இருக்கும். வேகம் கூடக் கூடக் காற்று துளைகளில் ஊதுகிறது, புல்லாங்குழல் போலத்தான்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. உடல் நன்றாக வளைகிறது. காணொளி பார்த்துப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. சீனப் பள்ளிகளிலும் ஆறேழு வயதில் தொடங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் இடுப்பு, கால், கைகளால் நிற்றல், குட்டிக்கரணம் என்ற நான்கு அடிப்படைகளையும் ஆசிரியர் பக்கத்தில் நின்று, கைகொடுத்துத் தாங்கித்தான் கற்றுத்தருகிறார். வளரும் முதுகெலும்பைத் தவறாக வளைத்தால் காயம் நீண்ட நாள் தங்கிவிடும். நல்ல ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் சேருங்கள். வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் உடனே நிறுத்துபவரா என்று முதலில் பாருங்கள். பழைய குழுக்களில் பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதிக் குருவிடம் ஒப்படைத்ததும், அவர்கள் அடிபட்டுக் கற்றதும் நடந்தன. அதை மரபு என்று நான் போற்ற மாட்டேன்.

கேள்வி: ஆணின் தோளிலும் தலையிலும் பெண் பாலே ஆடுகிறாரே, அது மரபா?

பதில்: வடிவம் புதியது, அடித்தளம் பழையது. வூ ஜெங்தானும் வெய் பாவ்ஹுவாவும் அந்த ஆட்டத்துக்காக 2002இல் மான்டே கார்லோ சர்வதேச சர்க்கஸ் விழாவில் தங்கக் கோமாளி விருது பெற்றார்கள். நம் கண் மேலே நிற்பவரிடமே போகிறது. அடுத்த முறை பார்க்கும்போது கொஞ்ச நேரம் கீழே நிற்பவரின் கழுத்தையும் பாதங்களையும் கவனியுங்கள். மேலே அவர் ஒற்றை விரல்நுனியில் சுழலும்போது, கீழே இவர் பாதம் எவ்வளவு மெதுவாக இடம் மாறுகிறது என்பது தெரியும்.