வாசகர் கேள்வி: தோட்டா நிரப்புவதில் எவ்வளவு மெனக்கெடலாம்?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கும் எனக்கு மான் வேட்டையில் ஈடுபாடு உண்டு. .308 வின்செஸ்டர் ரைஃபிளில் சுட்ட தோட்டாக் கூடுகளில் நானே மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்கிறேன். ஒவ்வொரு கூட்டையும் எடை போட்டுப் பிரிக்க வேண்டும், குண்டைப் பிடித்திருக்கும் அதன் கழுத்தைக் கடைந்து சமப்படுத்த வேண்டும் என்று போட்டிகளில் சுடும் நண்பர் வற்புறுத்துகிறார். நான் 200 கெஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை. இவ்வளவும் தேவைதானா? என் நண்பர்களுக்கும் நிரப்பி விற்கலாமா?

பதில்: எடை போடுவதும் கழுத்தைக் கடைவதும் உங்களுக்குத் தேவையில்லை. நண்பர் சொல்வது தவறு என்று பொருளல்ல. அவருடைய இலக்கு வேறு. எஃப் கிளாஸ் எனப்படும் நெடுந்தொலைவுச் சுடும் போட்டியில் 1000 கெஜத் தொலைவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம்தான். கூடுகளின் சிறு வேறுபாடுகளால் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் வினாடிக்கு 30 அடி மாறினால், .308 குண்டு அத்தொலைவில் ஏறத்தாழ 10 அங்குலம் மேலோ கீழோ விலகிவிடும். அதே மாற்றம் 200 கெஜத்தில் கால் அங்குலத்தைத்தான் உண்டாக்கும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியோ சுமார் 8 அங்குல அகலமுள்ளது.

குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் சிதறுவதற்கான காரணங்கள் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். துப்பாக்கி, கை நடுக்கம், காற்று, தோட்டா எல்லாம் சேர்ந்து 2 அங்குலச் சிதறல் தருகின்றன, அதில் தோட்டாவின் பங்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், தோட்டாவை அப்பழுக்கின்றிச் செய்து முடித்த பிறகும் சிதறல் 1.94 அங்குலமாகவே இருக்கும் (2-இன் வர்க்கமான 4-இலிருந்து அரையின் வர்க்கமான 0.25-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் வருவது). மூன்று குண்டுகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு ‘இந்த முறையே மேல்’ என்று முடிவு கட்டுவோர் அநேகர். அதில் பெரும்பகுதி தற்செயல்தான். இந்த வேலைகளுக்குச் செலவாகும் மாலை வேளைகளை மண்டியிட்டும் அமர்ந்தும் சுட்டுப் பழகுவதில் கழித்தால் பலன் அதிகம்.

ஆனால் பாதுகாப்பு சார்ந்த வேலைகளில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். கூட்டின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரோரமாக மேலிழுக்கும்போது அவ்விடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால், சுவர் மெலிந்துவிட்டது, அடுத்த முறை கூடு இரண்டாக அறுபடலாம் என்று பொருள். அதைத் தூக்கி எறியுங்கள். கூட்டின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டிக் குறையுங்கள். இல்லாவிட்டால் கழுத்து குண்டை நெருக்கிப் பிடித்து, அழுத்தம் அபாயகரமாக ஏறும். மேசைமீது ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டில் தொடக்க அளவாகக் கொடுக்கப்பட்டிருப்பதிலிருந்தே ஆரம்பியுங்கள். குண்டு பொருத்தும் முன் எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து மருந்தின் மட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்தே விழாத கூடும் அளவு மிஞ்சிய கூடும் அப்போதுதான் அகப்படும்.

கழுத்தைச் சூடேற்றிப் பதப்படுத்துவது மட்டும் தேவையற்ற வேலைக்கும் கட்டாய வேலைக்கும் நடுவில் நிற்கிறது. சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குத் திருத்தும்தோறும் பித்தளை இறுகி, கடைசியில் கழுத்தில் விரிசல் விடும் என்பதால், சில சுற்றுகளுக்கு ஒருமுறை செய்தால் கூடுகள் நீண்ட நாள் உழைக்கும். ஒவ்வொரு முறையும் செய்வது உங்களைப் பொறுத்தவரை வீண் வேலை.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. தொழிலாக நிரப்பி விற்பதென்றால் தோட்டா உற்பத்தியாளருக்கான மத்திய உரிமம் கட்டாயம்.