வாசகர் கேள்வி பதில்: வட்டார வளர்ச்சியில் நம் சொல்லுக்கு இடம் உண்டா?

கேள்வி: நாங்கள் இருபத்தெட்டு ஆண்டுகளாக உட்லண்ட்ஸில் வசிக்கிறோம். வட்டார மையம், ஜொகூர் பாருவுடன் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில், புதிய வீடுகள் என்று எங்கள் வட்டாரம் கண்ணெதிரே மாறி வருகிறது. வரைவுப் பெருந்திட்டக் கண்காட்சிக்குப் போய் வரலாம் என்று மனைவியை அழைத்தபோது, “எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதானே நம்மைக் கூப்பிடுகிறார்கள், போய் என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொதுமக்கள் சொன்னதால் இங்கு எந்தத் திட்டமாவது மாறியிருக்கிறதா?
– ஓய்வுபெற்ற வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மாறியிருக்கிறது. ஆயினும் உங்கள் மனைவியின் ஐயத்தில் பாதி உண்மை இருப்பதால், அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

சிங்கப்பூரின் நிலத் திட்டங்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. மேலடுக்கில் இருப்பது ஐம்பது ஆண்டுகள் அளவுக்கு முன்னோக்கிப் பார்க்கும் நீண்டகாலத் திட்டம். 1971ல் முதலில் வெளிவந்தபோது அதற்குக் கருத்துத் திட்டம் என்று பெயர். அதற்கு அடுத்தது, ஒவ்வொரு மனையிலும் என்ன கட்டலாம், மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைச் சட்டப்படி வரையறுக்கும் பெருந்திட்டம். அடுத்த பத்து முதல் பதினைந்து ஆண்டுகளை மனத்தில் கொண்டு வரையப்படும் இது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. 2025 ஜூன் மாதம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட வரைவு இந்த வகையைச் சேர்ந்தது. இவற்றுக்கும் கீழே ஒரு சாலை, ஒரு ரயில் நிலையம், ஒரு பூங்கா என்று தனித்தனிப் பணிகள் வருகின்றன.

உட்லண்ட்ஸ் ஒரு வட்டார மையமாக வேண்டும் என்பது நேற்று எடுத்த முடிவன்று. நகர மையத்தின் நெரிசலைக் குறைத்து, வேலைகளை வீடுகளுக்கு அருகே கொண்டு வரும் நோக்கத்தில், 1991ல் திருத்தப்பட்ட கருத்துத் திட்டமே தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட், சிலேத்தார் ஆகியவற்றோடு உங்கள் ஊரையும் வட்டார மையமாகக் குறித்துவிட்டது. நீங்கள் இன்று சன்னல் வழியே காணும் பாரந்தூக்கிகள் முப்பது ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட கோடுகளைப் பின்தொடர்ந்து வந்தவை. கீழடுக்குப் பணி தொடங்கும்போது நம்மை அழைத்தால், நடைபாதை எந்தப் பக்கம், இருக்கை எங்கே என்பவற்றைப் பற்றித்தான் பேச இடமிருக்கும். வட்டாரம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற பேச்சு எப்போதோ முடிந்திருக்கும். உங்கள் மனைவிக்கு ஏற்பட்ட சலிப்பின் வேர் இதுவே என்று நினைக்கிறேன்.

ஆனால் மேலடுக்கிலும் மக்களை அழைக்கும் வழக்கம் உருவாகியிருக்கிறது. 2001ஆம் ஆண்டுக் கருத்துத் திட்டத்திற்காக அதற்கு முந்திய ஆண்டே இரண்டு குழுக்கள் கூடிப் பேசின: பற்றாக்குறையான நிலத்தைப் பல தேவைகளுக்கு எப்படிப் பங்கிடுவது என்று ஒன்றும், அடர்த்தியாகக் கட்ட வேண்டிய நாட்டில் ஊரின் அடையாளத்தை எப்படிக் காப்பது என்று மற்றொன்றும் விவாதித்தன. பின்னர் 2021 ஜூலையில் நீண்டகாலத் திட்ட மறுஆய்வு தொடங்கியபோது முதலில் கலந்துரையாடல்களை நடத்தி, அதன் பிறகே 2022 ஜூனில் கண்காட்சியைத் திறந்தார்கள். அந்தக் கலந்துரையாடல்களுக்குத்தான் நம்மவர்கள் முதலில் போயிருக்க வேண்டும்.

இனி, மாறிய திட்டங்களைச் சொல்கிறேன். உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா கடற்கரையில், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புப் பணி தொடங்கவிருந்த நேரத்தில், இயற்கை ஆர்வலர்களும் தன்னார்வலர்களும் அலை வடியும் வேளைகளில் அங்கு நடந்து, அங்கே வாழும் உயிர்களைக் கணக்கெடுத்து, அந்தப் பதிவை அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். 2001 டிசம்பரில் நிலமீட்பு ஒத்திவைக்கப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அங்குள்ள நடைபாலத்தில் நடந்து நட்சத்திர மீன்களைப் பார்க்கிறார்கள்.

நம் சமூகத்துக்கு இன்னும் நெருக்கமானது தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளும் பழைய மலாயா ரயில் பாதை. அந்தப் பாதையில் வேலை செய்த தமிழர்கள் பலர். குவீன்ஸ்டவுன் பகுதியில் இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமே 1930களில் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வளர்ந்ததுதான். மலேசிய ரயில்வேயின் வசமிருந்த அந்த நிலம் 2011 ஜூலை 1ஆம் தேதி சிங்கப்பூருக்குத் திரும்பியது. துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டியிருந்தால் அதன் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிலம் கைமாறுவதற்கு முன்பாகவே, 2010ல், இயற்கைச் சங்கம் அதனை அறுபடாத பசுமைப் பாதையாக விட்டுவைக்கலாம் என்ற முன்மொழிவை எழுதிக் கொடுத்திருந்தது. பொதுமக்களும் அதனை ஆதரித்துப் பேசினார்கள், நடந்தார்கள், எழுதினார்கள். அரசாங்கம் பாதையின் தொடர்ச்சியைக் காக்க ஒப்புக்கொண்டது. முன்மொழிவு வந்த நாளைக் கவனியுங்கள்: அந்த நிலத்துக்கு இன்னதுதான் என்று யாரும் எழுதிவைப்பதற்கு முன்பே அது மேசைக்கு வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக டோவர் காட்டின் கதை அமைந்தது. உலு பாண்டானில் உள்ள ஏறக்குறைய 33 ஹெக்டர் நிலம் 2003ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்திலேயே குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த வரைபடம் யாரும் பார்க்கக்கூடியதாகவே இருந்தது. ஆனால் 2020 இறுதியில் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை வெளியாகி, அங்கு வீடு கட்டப்போகிறார்கள் என்ற செய்தி பரவிய பிறகுதான் பெரும்பாலோர் விழித்தோம். கருத்துச் சொல்லும் கெடு நீட்டிக்கப்பட்டது, ஏராளமானோர் எழுதினார்கள், 2021 ஜூலையில், கிழக்குப் பாதியில் வீடுகளைக் கட்டி, மேற்குப் பாதியைச் சுமார் பத்தாண்டுகளுக்கு விட்டுவைப்பது என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அறிவித்தது. பாதியாவது நின்றதே என்று மகிழ்வோரும் உண்டு, பாதி போனதே என்று வருந்துவோரும் உண்டு. பதினேழு ஆண்டுகள் நம் கண்முன் இருந்த வரைபடத்தை நாம் ஏன் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை என்ற கேள்வியை நான் பல நாள் எனக்குள் கேட்டிருக்கிறேன்.

மாறாதவையும் உண்டு. புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடாகச் சாலை அமைக்கும் திட்டம் 2011ல் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு மிக ஆழமானது. ஆனாலும் சாலை போடப்பட்டது, ஆயிரக்கணக்கான கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. சாலையின் ஒரு பகுதி பாலமாக உயர்த்தப்பட்டதும், அகற்றப்பட்ட கல்லறைகள் முறையாக ஆவணப்படுத்தப்பட்டதும் அந்தக் குரல்களால் கிடைத்தவை. ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டரில் ஆறு மில்லியன் பேர் வாழும் நாட்டில், ஒருவர் காக்க விரும்பும் காடு இன்னொருவர் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் வீட்டு மனையாக இருக்கக்கூடும். ஆகவே கேட்டதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். கேட்டவருக்குக் காரணத்தோடு பதில் கிடைக்க வேண்டும் என்று மட்டும் விடாமல் வாதிடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் குடியிருப்புப் பேட்டையில் நடந்த ஒரு கலந்துரையாடலில், புளோக்குக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே நடைபாதைக் கூரை அறுபட்டிருந்த இடத்தைப் பற்றி நானும் அண்டை வீட்டார் இருவரும் எழுதிக் கொடுத்தோம். “முடியாது, அடியில் குழாய்கள் செல்கின்றன” என்று ஒரு வரி வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்போம். எதுவுமே வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த இருவரையும் என்னால் அழைத்துச் செல்ல முடியவில்லை. மக்கள் பங்கேற்பு எதிர்ப்பினால் குலைவதில்லை. பதில் வராத தாள்களால்தான் குலைகிறது. எழுதியவர்களிடம் திரும்பி வந்து “நீங்கள் சொன்னவற்றில் இதை ஏற்றோம், இதை ஏற்கவில்லை, காரணம் இது” என்று சொல்வதைத் திட்டப் பணியின் ஒரு கட்டமாகவே, அதற்கென நாளும் ஆளும் ஒதுக்கிச் செய்ய வேண்டும்.

ஆகவே மனைவியை அழைத்துக்கொண்டு போங்கள். மாதிரிக் கட்டடங்களுக்கு முன் நேரத்தைச் செலவிடாமல், உங்கள் புளோக்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒவ்வொரு மனைக்கும் வரைபடத்தில் எந்த வண்ணம் (என்ன கட்டலாம்), எந்த எண் (எத்தனை மடங்கு தளப்பரப்பு) என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வெறும் புல்வெளியாகத் தெரியும் இடம் வரைபடத்திலும் பூங்காவாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: என் தாயாருக்கு எழுபத்தொரு வயது, ஆங்கிலம் பேச வராது. எங்கள் வட்டாரப் புதுப்பிப்பைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. தமிழில் எழுதினால் படிப்பார்களா? என்ன எழுதுவது?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று, தமிழில் எழுதத் தயங்க வேண்டியதே இல்லை. நாட்டின் எதிர்காலம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க 2012ல் தொடங்கிய ‘நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்’ அமர்வுகள் சில தமிழிலேயே நடந்தன. நேரில் பேசுவதானால் சமூக மன்றத்திலோ குடியிருப்பாளர் குழுவிலோ முன்கூட்டியே சொல்லி, தமிழ் தெரிந்த ஒருவர் உடனிருக்குமாறு கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் அந்த ஏற்பாடு வழக்கமாகும்.

என்ன எழுதுவது என்பதே முக்கியமான கேள்வி. “முதியோருக்கு வசதி போதவில்லை” என்ற வரியை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கட்டவும் முடியாது. மாறாக, காலை ஆறரை மணிக்குத் தாயார் ஈரச்சந்தைக்குப் புறப்பட்டால் எந்த வழியாகப் போகிறார், எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே படிக்கட்டு குறுக்கிடுகிறது, எந்தச் சமிக்ஞை விளக்கில் பச்சை மனிதன் அவர் பாதி சாலை தாண்டுவதற்குள் மறைந்துவிடுகிறான், மழைநாளில் எங்கே நின்றுவிடுகிறார் என்று எழுதுங்கள். திட்டமிடுவோரிடம் வரைபடங்களும் புள்ளிவிவரங்களும் நிறைய உள்ளன. உங்கள் தாயாரின் முழங்கால் அறிந்த வழி அவர்களிடம் இல்லை. ‘நமது தெம்பனிஸ் நடுவம்’ கட்டப்படுவதற்கு முன் 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. நூலகம், நீச்சல் குளம், உணவங்காடி, அரசாங்கச் சேவை முகப்பு ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் வைக்கும்போது, எதை எதற்கு அருகில் வைக்க வேண்டும் என்பதை அன்றாடம் நடப்பவர்களைத் தவிர வேறு யாரால் நன்றாகச் சொல்ல முடியும்?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் போன்றவற்றில் கருத்தோடு வாக்கும் உங்களுக்கு உண்டு. தகுதிபெற்ற குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் பணி நடக்கும். வாக்களிக்கும் நாளுக்கு முன் முன்மொழிவை உங்கள் தாயாருக்குத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். அதே மாடியில் தமிழ் மட்டும் தெரிந்த வேறு பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும்.

கேள்வி: நான் வேலை அனுமதியில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் பணிபுரிகிறேன். குடிமகன் அல்லாத நான் கருத்துச் சொல்லலாமா?
– வாசகர், தேக்கா

பதில்: சொல்லலாம். மேலே குறிப்பிட்ட புதுப்பிப்பு வாக்கெடுப்பு குடிமக்களின் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் கண்காட்சியைப் பார்ப்பதற்கும் அங்கே கருத்தை எழுதிக் கொடுப்பதற்கும் குடியுரிமை தேவையில்லை. உங்கள் பகுதியில் அதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. லிட்டில் இந்தியா 1989ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டபோது, கடைவீடுகளின் முகப்பும் ஓடும் சன்னலும் சட்டத்தின் காப்பைப் பெற்றன. உள்ளே பூக்கட்டுபவருக்கும் மாவரைப்பவருக்கும் அத்தகைய காப்பு எதுவும் இல்லை. வாடகை ஏறினால் கட்டடம் அப்படியே நிற்கும், தொழில் போய்விடும். எந்தத் தொழில் எந்தத் தெருவில் எதை நம்பி நடக்கிறது, சரக்கு எந்த நேரத்தில் எந்தப் பின்சந்து வழியாக இறங்குகிறது, ஞாயிறு மாலை ஆயிரக்கணக்கானோர் கூடும்போது உட்காரவும் தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் எங்கே இடமில்லை என்பவற்றையெல்லாம் கல்லாவுக்கு அருகே நின்று தினமும் பார்ப்பவர் நீங்கள். அவற்றைத் தேதியும் நேரமும் குறித்து ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினாலும் உரிய இடத்தில் சேர்த்துவிடுகிறோம்.