வாக்கத்தான் நடத்தப் போகிறீர்களா? கேளுங்கள்

டயாலிசிஸ் செலவுக்குத் தவிப்பவர்களுக்காகச் சென்னையில் எங்கள் பகுதியில் நான்கு முறை வாக்கத்தான், அதாவது நிதி திரட்டும் பொது நடை, நடத்தியிருக்கிறேன். முதல் முறை முழுச் சொதப்பல். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். தலைக்கு 300 ரூபாய் கட்டணம். நல்ல தொகை தேறுமா, சார்?

60,000 ரூபாய் வரும். டி-ஷர்ட், மைக் செட், பந்தல், பேனர், டிபன் என்று கணக்கை முடித்தால் கையில் ஒன்றும் ஒட்டாது. எங்கள் முதல் வருடக் கதை இதுதான். நடக்க வருகிறவரை நன்கொடையாளராகப் பார்க்காதீர்கள், அவர்தான் உங்கள் வசூல்காரர். ஆளுக்கு ஒரு வசூல் அட்டை கொடுங்கள். பத்துப் பேரிடம் 200 ரூபாய் வீதம் வாங்கினால் 2,000. நூறு பேர் மெனக்கெட்டாலே இரண்டு லட்சம். அதற்கு நடைக்கு முன்னால் ஒரு மாதமாவது வேண்டும், அன்றைக்குக் காலையில் உண்டியல் குலுக்கிப் பயனில்லை. அப்புறம், கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கும்பிடு பொம்மைகள்தான் வசூலாகும்.

"எதற்கு நடக்க வேண்டும், பணத்தை நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே" என்கிறார் என் மாமனார்.

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் சும்மா போய்க் கேட்டால் எத்தனை பேர் தருவார்கள்? இலங்கையில் 2011இல், தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீட்டர் நடந்தார்கள், யாழ்ப்பாணம் பக்கத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக. போர் முடிந்து இரண்டே வருடம். 2016இல் வடக்கிலிருந்து தெற்கே திரும்ப நடந்தார்கள், இந்த முறை தெற்கே காலி நகரத்துக் கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்காக. பணத்தைப் பெரிய கம்பெனிகளிடம் காசோலையாகவே வாங்கியிருக்கலாம். யாழ்ப்பாணத்து நோயாளிக்காகத் தெற்கத்திக்காரர் நடந்தது மட்டும் நடந்திருக்காது. மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

போலீஸ் அனுமதி கட்டாயமா?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதை வரைபடம், எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பொறுப்பாளரின் செல்போன் எண் எல்லாம் எழுதி ஒரு மாதம் முன்பே உங்கள் காவல் நிலையத்தில் கொடுங்கள், போக்குவரத்துக் காவலுக்கும் ஒரு பிரதி. சாலையை மறிக்காமல் ஓரமாகப் போகும் பாதை என்றால் பேச்சு சுலபமாக முடியும். ஒலிபெருக்கிக்குத் தனியாகக் கேட்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை அது கூடவே கூடாது. நாங்கள் முதல் வருடம் ஐந்தரைக்கே "ஹலோ, மைக் டெஸ்டிங்" போட்டோம். தெருவே லுங்கியோடு வெளியே வந்தது, நடப்பதற்கு அல்ல.

நாங்கள் குடியிருப்போர் நலச் சங்கம். நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது தரலாமா?

உங்கள் சங்கத்துக்கு அந்தப் பதிவு இல்லாவிட்டால் தர முடியாது. பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து, பணம் நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்கே போகும்படி செய்யுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட பிள்ளைகள் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும், அதற்கென மத்திய அரசில் பதிவு செய்த அமைப்புதான் வாங்கலாம். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணை மட்டும் நோட்டீஸில் போடாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

டி-ஷர்ட்?

பெயர் கொடுக்கும்போதே அளவும் கேட்டுவிட்டுத் திருப்பூருக்கு ஆர்டர் போடுங்கள். ஊகித்து வாங்கிய எக்ஸ்எல் சட்டைகள் இன்னும் என் பரணில் கிடக்கின்றன, வேண்டுமானால் சொல்லுங்கள்.

பெரியவர்களும் வருகிறார்கள். எவ்வளவு தூரம் வைக்கலாம்? தண்ணீருக்கு என்ன செய்ய?

மூன்று கிலோமீட்டர் போதும், தெம்பு இருப்பவர்களுக்கு ஐந்து. நடுவில் திரும்பிவிட ஒரு குறுக்கு வழி இருக்கட்டும். காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டுக்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 300 பேருக்கு இருபது லிட்டர் கேன் எட்டு வேண்டும். பிளாஸ்டிக் கப் 2019 முதல் தமிழ்நாட்டில் தடை, டம்ளரோ பாட்டிலோ கொண்டுவரச் சொல்லுங்கள். ஓஆர்எஸ் பொட்டலங்களும், பின்னாலேயே மெதுவாக வர ஒரு காரும் வேண்டும். கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் ஒரு தொண்டர் கட்டாயம்.

எந்த மாதம்?

சென்னை என்றால் பொங்கலுக்குப் பிறகு, பிப்ரவரி நடுவுக்குள். அதற்கு முன் மழை, அதற்குப் பின் பரீட்சை, அப்புறம் வெயில். முகூர்த்த நாள் இல்லாத ஞாயிறாகப் பாருங்கள், கல்யாணத்தோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.