ஆயாவின் கணக்கு

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் ஆர்.சி. தொடக்கப்பள்ளிக்கு நூற்றாண்டு மலர் போடுகிறோம். மதிய உணவு பற்றிய பக்கம் என் பொறுப்பு. ‘நாற்பது ஆண்டுகளாக ஏழைப் பிள்ளைகளின் பசியாற்றிய கன்னியர்கள்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். நானும் அந்தச் சோற்றில் வளர்ந்தவன்தான். படித்துப் பார்த்துத் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு பழைய மாணவன், தூத்துக்குடி மாவட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

படித்தேன். தலைப்பிலிருந்தே திருத்த வேண்டியிருக்கிறது.

நானும் ஆர்.சி. பள்ளியில் அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்றவன். சிலுவை அடையாளம் போடாமல் சோற்றில் கை வைக்க முடியாது. பிள்ளையார் கோவில் தெருப் பையன்களும் போடுவோம். ஜெபம் சொல்லித் தின்றதாலோ என்னவோ, அது சிஸ்டர்மார் போட்ட சோறு என்றே மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அரிசியும் பருப்பும் எண்ணெயும் அரசு தந்தவை. சமைத்தவர்களுக்குச் சம்பளமும் அங்கிருந்துதான். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் அதுதான் ஏற்பாடு.

அப்புறம் அந்த ‘நாற்பது ஆண்டு’. எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலையில் வந்தது. அதற்கு முன்பே 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியிருந்தார். செலவில் ஊர்க்காரர்களும் பங்கு போட்டார்கள். 1960களில் அமெரிக்காவின் உபரி விளைச்சல் ‘கேர்’ என்ற தொண்டு நிறுவனம் வழியாக நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. என் அக்கா தின்றது அந்தக் கோதுமை ரவை உப்புமாவைத்தான். அதன் வாடையை இன்றும் வர்ணிப்பாள், ஆனால் இரண்டாம் தடவை வாங்கியதையும் மறைக்கமாட்டாள். உங்கள் பள்ளியில் எது எப்போது வந்தது என்று எழுபது வயதுக்காரர்களைக் கேளுங்கள்.

சிஸ்டர்மாருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் கிணறு மடத்துடையது. முருங்கையும் மடத்துடையது. பருப்பு வந்து சேராத வாரங்களில் சாம்பாருக்குள் விழுந்ததெல்லாம் அந்த முருங்கைதான். இதை எழுதுங்கள். ‘பசியாற்றிய கன்னியர்கள்’ என்பதைவிட இது கனமான செய்தி.

உங்கள் பக்கத்தில் இல்லாதவர்கள் மூன்று பேர்: அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர். நாங்கள் முதலாமவரை ‘சத்துணவு டீச்சர்’ என்போம், மற்ற இருவரும் ஆயா. இந்த வேலைகளில் கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை இருந்தது. எங்கள் ஆயாவும் அப்படி வந்தவர்தான். காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு பையன் சமையல்கூடத்துக்குத் தலைக்கணக்கு கொண்டு போவான். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. 142 பேர் என்றால் 14 கிலோ 200 கிராம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா இதை விரல்விட்டுச் சொல்வார். கணக்குக்குள் அடங்காதது ஒன்று உண்டு. பள்ளிக்கு வராத வயதில் இடுப்பில் உட்கார்ந்து வரும் தம்பி, தங்கச்சிகள். அவர்களுக்காக வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு சட்டியில் மூடி வைத்திருப்பார். எந்தப் பதிவேட்டிலும் அந்தச் சட்டி கிடையாது.

ஈர விறகுப் புகையில் இருபது வருஷம் நின்றவர். காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டுச் சத்துணவுப் பணியாளர்கள் மறியல் செய்த செய்தி வரும்போதெல்லாம் நான் அவர் முகத்தைத் தேடியிருக்கிறேன். தொண்டு என்று எழுதிவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை பாருங்கள். என் சங்கடம் அதில்தான்.

பக்கத்தில் இடமிருந்தால் இதையும் சேர்க்கலாம்: காலை உணவுத் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு நீண்டபோது, 2024 ஜூலை 15 அன்று அது தொடங்கப்பட்டது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில்.

மலர் அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளிப் பீரோவில் பழைய இருப்புப் பதிவேடுகள் கிடக்கின்றனவா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கிடைத்தால் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று எழுதியதற்குக் கீழே ஒரு கையெழுத்து இருக்கும், இல்லையென்றால் ஒரு கைநாட்டு. அது யாருடையது என்று தெரு ஆட்களிடம் விசாரியுங்கள். ஆள் உயிரோடு இருந்தால் மலர் வெளியிடும் அன்று கூட்டி வர ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள். வாடகையை நான் அனுப்பிவிடுகிறேன்.